தனக்குத் தானே எஜமான்

கைகட்டிச் சேவகம் செய்யாமல் சொந்தத் தொழில் நடத்திப் பிழைக்கிறவனைக் கண்டு மாதச் சம்பளக்காரர்கள் பொறாமைப்படுவது உலக வழக்கம். “உமக்கு என்ன ஐயா! மேலதிகாரி கிடையாது, லீவுக்கு விண்ணப்பம் போட வேண்டியதில்லை, நினைத்தால் வேலை, நினைக்காவிட்டால் தூக்கம்” என்பார்கள். எழுத்தாளனிடம் இதையே இன்னும் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்வார்கள். அவன் செய்வது வேலைதானா என்பதிலேயே பலருக்குச் சந்தேகம் உண்டு. மேலதிகாரி இல்லாதவனுக்கு உண்மையில் மேலதிகாரி யார், அந்த அதிகாரி எப்படிப்பட்டவன் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, மூன்று பாகங்களில் ஒரு நாவல் எழுதிப் பதில் சொன்னவர் ஜார்ஜ் கிஸ்ஸிங் என்ற ஆங்கில ஆசிரியர். நாவலின் பெயர் ‘நியூ கிரப் ஸ்ட்ரீட்’. வெளியான ஆண்டு 1891.

நம் வாசகர்களில் டிக்கன்ஸையும் ஹார்டியையும் படித்தவர்கள் அநேகர். கிஸ்ஸிங்கைப் படித்தவர்கள் குறைவு. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சிரிக்க வைக்க அவருக்கு மனம் வருவதில்லை. அழ வைக்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஓட்டை நாற்காலியில் உட்கார்ந்து குளிர்ந்துபோன தேநீரைக் குடிப்பவனைப் பற்றி எழுதினால், அந்தத் தேநீரின் ருசி நம் நாக்கிலும் ஒட்டிக்கொள்ளும்படி எழுதிவிடுவார். பொழுதுபோக்குக்கு நாவல் எடுப்பவர்கள் இருபது பக்கத்தில் கீழே வைத்துவிடுவார்கள். சொந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டும் கீழே வைக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வக்கீலாயினும் சரி, தையற்காரராயினும் சரி, வீட்டின் முன் அறையில் மேஜை போட்டுக் கணக்கு எழுதிப் பிழைப்பவராயினும் சரி, அவர்கள் தங்கள் ஜாதகத்தை அதில் காண்பார்கள்.

கிரப் ஸ்ட்ரீட் என்பது லண்டனில் நிஜமாகவே இருந்த ஒரு தெரு. பதினெட்டாம் நூற்றாண்டில் கூலிக்கு எழுதும் ஏழை எழுத்தாளர்களுக்கு அந்தப் பெயரே அடைமொழியாகிவிட்டது. 1830-ல் தெருவின் பெயரை மில்டன் தெரு என்று மாற்றினார்கள். பெயர் போயிற்று, பிழைப்பு போகவில்லை என்பதுதான் கிஸ்ஸிங் ‘நியூ’ என்ற சொல்லைச் சேர்த்ததன் தாத்பரியம்.

அந்தக் காலத்து நாவல் வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கதையின் கொடுமை விளங்காது. நாவல் என்றால் மூன்று பாகம். விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். சாமானியக் குடும்பத்துக்காரர் யாரும் இந்த விலை கொடுத்து வாங்க மாட்டார். வாங்குகிறவை மூடி கம்பெனியைப் போன்ற வாடகைப் புத்தகசாலைகள். சந்தாதாரர் ஒரு பாகத்தை எடுத்துப் போவார். மற்ற இரண்டும் வேறு இரண்டு வீடுகளில் உலாவும். ஆகவே மூன்று பாகமாக இருந்தால்தான் புத்தகசாலைக்கு லாபம். புத்தகசாலை வாங்கினால்தான் பிரசுரகர்த்தருக்கு லாபம். நூற்றைம்பது பக்கத்தில் முடியக்கூடிய கதை கைவசம் இருந்தாலும் எழுத்தாளன் அதை மூன்று பாகத்துக்கு இழுத்தாக வேண்டும். 1894-ல் புத்தகசாலைகளே இது வேண்டாம் என்று சொல்லிவிட்டன. மூன்று பாக நாவல் மூன்று நான்கு வருஷத்தில் மறைந்தது. கிஸ்ஸிங்கின் கதாநாயகனுக்கு அது பயன்படவில்லை. அவன் அதற்கு முன்பே செத்துப்போனான்.

அவன் பெயர் எட்வின் ரியர்டன். நல்ல படிப்பாளி, கிரேக்கமும் லத்தீனும் அறிந்தவன். ஓர் ஆஸ்பத்திரியில் வாரம் ஒரு பவுன் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே எழுதிப் பழகினான். ஒரு நாவல் கொஞ்சம் பேர் வாங்கித் தந்தது. கையில் காசு சேர்ந்ததும் உத்தியோகத்தை விட்டான். இத்தாலியும் கிரீஸும் பார்த்துவிட்டு வந்தான். ஆமி என்ற அழகும் அறிவும் உள்ள பெண்ணை மணந்தான். இவன் பெரிய ஆசிரியனாகப் போகிறான் என்று நம்பி அவள் வந்தாள். நானே பெரிய ஆசிரியனாகப் போகிறேன் என்று நம்பி அவனும் அழைத்து வந்தான். ஒரு குழந்தையும் பிறந்தது. அதன் பிறகு அவனுக்கு எழுத வரவில்லை.

கதை இவ்வளவுதான். மற்ற நாவலாசிரியர்கள் ஒரு அத்தியாயத்தில் சொல்லி முடித்துவிடும் இந்த ‘எழுத வரவில்லை’ என்பதைக் கிஸ்ஸிங் நாள் நாளாக, மணி மணியாக, தாள் தாளாகக் காட்டுகிறார். அங்கேதான் அவருடைய அபாரமான சக்தி தெரிகிறது. ரியர்டன் காலையில் மேஜைக்குப் போகிறான். ஒரு கதை தொடங்குகிறான், கிழிக்கிறான். வேறொன்று தொடங்குகிறான். ஒரு பாகத்துக்கு இத்தனை தாள், ஒரு நாளைக்கு இத்தனை தாள் என்றால் இத்தனையாவது நாள் முடியும், அன்று கையில் இன்ன தொகை மீதி இருக்கும் என்று கணக்குப் போடுகிறான். கணக்கு மட்டும் பிசகாமல் வருகிறது. வர்ணனை எழுத மூளை இடம் கொடுக்கவில்லை. பாத்திரத்தின் மனத்தை அலசத் தெம்பில்லை. ஆகையால் சம்பாஷணையாக எழுதித் தள்ளுகிறான். ஏனென்றால் சம்பாஷணை இடத்தைச் சீக்கிரம் அடைக்கும். ஒருவன் “வருகிறாயா?” என்று ஒரு வரி, மற்றவன் “வருகிறேன்” என்று ஒரு வரி. இந்தத் தந்திரம் அறியாத தொடர்கதை ஆசிரியர் நம் நாட்டிலும் இல்லை. அதைச் செய்கிறவனுக்கு எவ்வளவு அவமானமாக இருக்கும் என்பதைக் கிஸ்ஸிங்கைப் போல எழுதியவர் இல்லை.

ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது ரியர்டன் மணி அடிப்பதைக் கேட்கிறான். அந்த வீட்டருகே இரண்டு கடிகாரங்கள். ஒன்று மாதா கோவிலுடையது. மற்றது, கதியற்ற ஏழைகளை அடைத்துவைத்துச் சோறு போடும் வொர்க்ஹவுஸ் என்ற தர்மக் கொட்டடியுடையது. வேறு ஆசிரியராக இருந்தால் இதற்கு ஒரு பக்கம் வியாக்கியானம் எழுதியிருப்பார். கிஸ்ஸிங் மணி அடித்ததை மட்டும் சொல்கிறார். அந்தக் கொட்டடியில் இருப்பவனுக்குக்கூட எழுந்திருக்க ஒரு மணி, வேலைக்கு ஒரு மணி, படுக்க ஒரு மணி உண்டு. ரியர்டனுக்கு எந்த மணியும் அவனுடைய மணியல்ல. பகலில் எழுத முடியாததனால் இரவில் ஓய முடியவில்லை; இரவில் ஓயாததனால் பகலில் எழுத முடியவில்லை.

1974-ல் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் என்ற அமெரிக்க உளவியல் நிபுணர், இலவச மருத்துவ விடுதிகளில் ஆர்வத்தோடு உழைக்க வந்தவர்கள் சில மாதங்களில் வெறும் கூடுகளாகப் போவதைக் கண்டு ‘பர்ன்-அவுட்’ என்று அந்த நிலைக்குப் பெயர் வைத்து எழுதினார். விளக்கு எண்ணெய் தீர்ந்து திரி கருகுகிறதே, அந்த மாதிரி. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அங்கீகரித்த வகைப்பாட்டில் இதை நோய் என்று சொல்லாமல், தொழிலோடு சேர்ந்து வரும் ஒரு நிலை என்று குறித்து, மூன்று லக்ஷணம் கூறியிருக்கிறார்கள்: சக்தி வற்றிப்போதல், செய்யும் தொழிலின்மேல் மனம் விலகி ஒரு கசப்பு ஏற்படுதல், செய்வது உருப்படாமல் போதல். ரியர்டனுக்கு இந்த மூன்றும் இதே வரிசையில் வருகின்றன. முதலில் களைப்பு. பிறகு தான் எழுதுவதையே வெறுக்கிறான். இலக்கியத்தை வயிற்றுக்கு நம்புவது பைத்தியக்காரத்தனம் என்கிறான். கடைசியில் நாவல் முடிகிறது. அது மோசமான நாவல் என்பது பிரசுரகர்த்தருக்கு முன்னால் அவனுக்கே தெரிகிறது. வைத்தியர்கள் பெயர் வைப்பதற்கு எண்பத்து மூன்று வருஷம் முன்னால் ஒரு நாவலாசிரியர் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டார்.

அந்த நாடியை அவர் எங்கே பிடித்தார் என்பதில் ரகசியமில்லை. அந்த 1890-ஆம் வருஷம் கிஸ்ஸிங்கும் பல கதைகளைத் தொடங்கித் தொடங்கிக் கைவிட்டார். பிறகு இலையுதிர் காலத்தில் ஏதோ ஒரு கதவு திறந்துகொண்டாற்போல இரண்டு மாத அளவில் இந்த நாவலை எழுதி முடித்து, நூற்றைம்பது பவுனுக்கு உரிமையை அடியோடு விற்றுவிட்டார். எழுத முடியாதவனைப் பற்றி இவ்வளவு வேகமாக எழுதினார் என்பது வேடிக்கைதான்.

நாவலில் நான் மிகவும் உயர்வாக மதிக்கும் பகுதி ரியர்டனைப் பற்றியதுகூட அல்ல, ஆமியைப் பற்றியது. அவளைப் பல வாசகர்கள் கல்நெஞ்சக்காரி என்று ஏசுகிறார்கள். புருஷன் நொந்து கிடக்கும்போது விட்டுப்போனவள், பிறகு பணம் வந்ததும் வேறொருவனை மணந்தவள் என்று குற்றப்பத்திரிகை படிக்கிறார்கள். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காலையில் உத்தியோகத்துக்குப் போகிறவனுடைய மனைவி, அவன் மத்தியானம் இரண்டு மணிக்கு மேஜைமேல் தலை வைத்துத் தூங்கினானா என்று அறியமாட்டாள். மாலையில் அவன் வருகிறான்; “காபி கொடு” என்கிறான்; அத்துடன் கணக்குத் தீர்ந்தது. ஆமிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பேனா நின்றால் அடுத்த அறையில் அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்துகொண்டு வந்தால் வெள்ளைத் தாள் தெரியும். இன்று எவ்வளவு ஆயிற்று என்று அவள் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்காமல் இருந்தால் அந்த மௌனமும் கேள்விதான். வீடே தொழிற்சாலையாகிவிட்டபோது பெண்டாட்டி மேஸ்திரியாகிறாள். அவள் அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டவளல்ல. இருவருக்கும் நடுவிலிருந்த அன்பு எந்தச் சண்டையிலும் சாகவில்லை. தினசரி தாள் எண்ணிக்கையில் செத்தது. கிஸ்ஸிங் பெண்களைப் பற்றி மற்ற இடங்களில் சொல்லும் கசப்பான வார்த்தைகள் எனக்குப் பிடிக்காதவை. ஆனால் இங்கே அவருடைய கை நியாயம் தவறவில்லை. அவள் சொல்வதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது என்று ஒவ்வொரு காட்சியிலும் விட்டுக்கொடுக்காமல் எழுதுகிறார்.

முறிவு வரும் இடமும் கவனிக்கத் தக்கது. ஆமி ஒரு யோசனை சொல்கிறாள். வீட்டைக் காலி செய்துவிடுவோம். நீங்கள் கடற்கரைப் பக்கம் போய் உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள். நான் அம்மா வீட்டுக்குக் குழந்தையோடு போகிறேன். உடம்பு தேறியதும் நல்ல நாவலாக எழுதுங்கள் என்கிறாள். எந்த டாக்டரும் சொல்லக்கூடிய யோசனை. இன்றைக்கும் சொந்தத் தொழில் செய்து சோர்ந்தவனுக்கு எல்லோரும் சொல்வது இதுதானே? பத்து நாள் கொடைக்கானல் போய் வாருமே என்கிறார்கள். ரியர்டன் அதற்கு இசையவில்லை. பழைய சிநேகிதர் ஒருவரைப் பிடித்து வாரம் இருபத்தைந்து ஷில்லிங் சம்பளத்தில் குமாஸ்தா வேலையை ஒப்புக்கொண்டு வந்து நிற்கிறான். அதைக் கேட்டு அவள் அவமானத்தால் குன்றிப்போகிறாள். நாவலாசிரியன் மனைவியாக வந்தவள் குமாஸ்தாவின் மனைவியாக எப்படி நாலு பேர் முகத்தில் விழிப்பாள்?

படிக்கும்போது முதலில் நமக்கும் அவன் செய்தது அசட்டுப் பிடிவாதம் என்றே தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. தன் நோய் இன்னதென்று அந்த ஒரு க்ஷணத்தில் ரியர்டனுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. கடற்கரையில் உட்கார்ந்திருந்தாலும் அடுத்த நாவல் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். ஓய்வு என்ற பெயரில் கழியும் ஒவ்வொரு நாளும் செலவுக் கணக்கில்தான் ஏறும். வாடகை வண்டியை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே ஒருவன் நிம்மதியாகத் தூங்க முடியுமா? அவனுக்கு வேண்டியது வேலை செய்யாத நாட்கள் அல்ல, முடிந்துபோகும் வேலை. ஆறு மணிக்குப் பேரேட்டை மூடி வைத்தால் மறுநாள் காலைவரை அது மூடியே கிடக்கும். அந்த ஆறு மணிக்காகத்தான் அவன் ஏங்கினான். தையற்காரர் தீபாவளி நெருக்கடியில் விடிய விடிய மிஷினை மிதித்தாலும், கடைசி சட்டைக்குப் பொத்தான் தைத்ததும் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். பூட்டு இல்லாத தொழில்தான் மனிதனைத் தின்கிறது. இதை நாவலில் யாரும் இத்தனை வார்த்தைகளில் சொல்லவில்லை. ஆனால் நாவல் முழுவதும் அதைத்தான் சொல்லுகிறது.

இதற்காக ரியர்டன் குற்றமற்றவன் என்று நான் வாதாட வரவில்லை. அவனுக்குத் தன்னிரக்கம் ஜாஸ்தி. மழையில் நனைந்துகொண்டு நின்று, பார், நான் நனைகிறேன் என்று உலகத்துக்குக் காட்டும் ரகம். சில அத்தியாயங்களில் அவன் முதுகில் ஓர் அறை வைத்தால் தேவலை என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. கிஸ்ஸிங் அவனோடு மிகவும் ஒட்டி நிற்பதால் வந்த குறை இது. அவனுடைய சிநேகிதன் பிபன் அவனைவிட ஏழை. பட்டினியிலும் கிரேக்கச் செய்யுளின் சந்தங்களைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறான். ஒரு மளிகைக்காரனைப் பற்றிய நாவலை யாருக்காகவும் அவசரப்படாமல் செதுக்குகிறான். அவன் முடிவும் சோகமானதுதான் என்றாலும், எழுத்து அவனைத் தின்னவில்லை.

எதிர்ப் பக்கத்தில் இருக்கிறான் ஜாஸ்பர் மில்வெய்ன். நாவல் தொடங்கும்போது காலைச் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டே, இந்த நேரத்தில் லண்டனில் ஒருவனைத் தூக்கில் போடுகிறார்கள் என்று உற்சாகமாகச் சொல்கிறவன். பிறிதோரிடத்தில் தன் ஒரு நாள் வேலையைத் தங்கைகளிடம் விவரிக்கிறான். காலை எழுந்ததும் ஒரு புத்தகத்தைப் புரட்டினேன், பத்தரை மணிக்குள் மதிப்புரை முடிந்தது, பிறகு ஒரு வாரப் பத்திரிகைக்கு அரட்டைக் கட்டுரை, பிறகு இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டு போய், எல்லாவற்றுக்கும் எத்தனை கினி கிடைக்கும் என்று கூட்டிச் சொல்கிறான். அவன் ரியர்டனைவிட நான்கு மடங்கு வேலை செய்கிறான்; களைப்பதே இல்லை. ஏனெனில் அவன் எழுதுவதில் அவன் இல்லை. அதிக வேலை செய்பவன்தான் கருகிப்போவான் என்று நினைப்பவர்கள் இந்த அத்தியாயத்தை ஒரு தடவை படிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் மியூசியத்தின் வட்டமான வாசகசாலையில் அப்பாவுக்காகக் குறிப்பு எடுத்து எடுத்து வாடும் மரியன் என்ற பெண்ணும் இந்தக் கதையில் வருகிறாள். ஒருநாள் பத்திரிகையில் ‘இலக்கிய இயந்திரம்’ என்று ஒரு விளம்பரத்தைக் கண்டு அவள் திடுக்கிடுகிறாள். கடைசியில், தன்னைப் போன்றவர்களுக்குப் பதிலாகப் புத்தகம் எழுத ஓர் இயந்திரம் வந்துவிட்டதா என்று நினைக்கிறாள். படித்துப் பார்த்தால் அது புத்தகத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு சட்டம். பழைய புத்தகங்களைப் போட்டால் புதிய புத்தகம் வந்து விழும் இயந்திரத்தை யாராவது சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள் என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். அவள் நினைத்த இயந்திரம் இப்போது வந்தேவிட்டது. மரியன்களின் களைப்பு அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. கூலிதான் குறையும் போலிருக்கிறது.

கிஸ்ஸிங்கின் உலகத்தில் இரண்டே ஜாதிதான். மனச்சாட்சியோடு எழுதிச் சாகிறவன் ஒருவன். மனச்சாட்சியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதி வாழ்கிறவன் ஒருவன். நாவலின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான். மூன்றாவது ஒருவனுக்கு அதில் இடமில்லை. அந்த மூன்றாவது ஆள் கற்பனையல்ல. கிஸ்ஸிங்குக்குத் தெரிந்த ஆள்தான். ‘நியூ கிரப் ஸ்ட்ரீட்’ வெளிவருவதற்கு எட்டு வருஷம் முன்னால், 1883-ல், அவருடைய சுயசரிதை அவர் இறந்த பிறகு வெளியாயிற்று. அவர் ஆண்டனி டிராலப்.

டிராலப்பைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் தெரியும். அவர் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு நாவல் எழுதினார் என்பது. கால் மணிக்கு 250 வார்த்தை. காலை ஐந்தரை மணிக்கு மேஜை. எழுப்பிக் காபி கொடுப்பதற்காகக் குதிரைக்காரக் கிழவனுக்கு வருஷத்துக்கு ஐந்து பவுன் அதிகப்படி. முதல் அரை மணி முந்தின நாள் எழுதியதைப் படிப்பது, பிறகு எழுத்து. எட்டரை மணிக்கு எழுந்துவிடுவார். நாற்பத்தேழு நாவல்கள். எழுதிச் சம்பாதித்த தொகையை ஷில்லிங், பென்ஸ் சுத்தமாகக் கூட்டிக் காட்டுகிறார். ஏறக்குறைய எழுபதாயிரம் பவுன். சக்கிலியனுக்குத் தோல் எப்படியோ எழுத்தாளனுக்கு எழுத்து அப்படி என்று அவர் சொன்னதைக் கேட்டு ரசிகர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தெய்வீக ஆவேசம் என்ன ஆயிற்று? நாமகள் கடிகாரம் பார்த்துத்தான் வருவாளா?

இந்த ஏளனத்தில் ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள். டிராலப்பின் கடிகாரம் தொடங்கு என்று மட்டும் சொல்லவில்லை. நிறுத்து என்றும் சொல்லிற்று. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒருவன் எழுத வேண்டியதில்லை என்பது அவருடைய திடமான கொள்கை. எட்டரை மணிக்குப் பிறகு அவர் நாவலாசிரியரல்ல. தபால் இலாகா அதிகாரி. குளிர்காலத்தில் வேட்டைக் குதிரை ஏறுவார்; மாலையில் கிளப்பில் சீட்டாடுவார். ரியர்டனுக்குக் கிடைக்காத பூட்டைத் தானே செய்து தானே பூட்டிக்கொண்டவர் அவர். ரியர்டனும் தாள் எண்ணுகிறான், டிராலப்பும் தாள் எண்ணுகிறார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருவனுக்கு அந்த எண்ணிக்கை கடன்காரன், மற்றவருக்குக் காவல்காரன்.

ஆனால் வெறும் ஒழுங்கினால் இதைச் சாதித்தார் என்று சொன்னால் அது பள்ளிக்கூடத்துப் பாடமாகிவிடும். டிராலப் ரொம்பக் கெட்டிக்காரர். 1834-ல் தபால் இலாகாவில் சேர்ந்தார். முதல் நாவல் 1847-ல். அதில் ஒரு காசும் வரவில்லை. பேர் வாங்கித் தந்த ‘தி வார்டன்’ 1855-ல் வந்தது. முதல் இரண்டு வருஷத்தில் அவர் கண்டது இருபது பவுன் சொச்சம். இந்த எட்டு வருஷமும் அரிசியும் வாடகையும் தபால் இலாகாவின் பொறுப்பு. பேனாவின் தலையில் அந்தப் பாரம் ஏறவில்லை. பெரும் புகழ் வந்த பிறகும் அவர் உத்தியோகத்தை உதறிவிட்டு ஓடவில்லை. அறுபது வயதுவரை இருந்தால் வரக்கூடிய பென்ஷனுக்கு ஈடான தொகையை எழுத்து வருமானத்திலிருந்து சேர்த்து வைத்துக்கொண்டு, 1867-ல்தான் ராஜிநாமா எழுதிக் கொடுத்தார். ரியர்டன் ஒரு நாவல் வெற்றி கண்டதும் ஆஸ்பத்திரி வேலையை விட்டான் என்று முன்பு சொன்னேன் அல்லவா? இரண்டு மனிதர்களின் தலைவிதியும் பிரிகிற இடம் அதுதான். மேதாவிலாசத்தில் அல்ல, மனோதிடத்திலும் முழுக்க அல்ல.

இன்னொன்று சொல்கிறார் டிராலப். தொடர்கதை எழுதுகிறவன் என்ற முறையில் அதைப் படித்து நான் பெருமூச்சு விட்டேன். 1860-ல் ‘கார்ன்ஹில்’ பத்திரிகையில் வந்த ஒரு நாவலைத் தவிர, கடைசிப் பக்கம் எழுதி முடிக்காமல் எந்த நாவலின் முதல் பக்கத்தையும் அவர் அச்சுக்குக் கொடுத்ததில்லையாம். எழுதி முடித்த பிரதிகள் எப்போதும் பெட்டியில் தயாராகக் கிடக்குமாம். நம் ஊரில் அச்சாபீஸ் பையன் வாசற்படியில் உட்கார்ந்து, “இன்னும் எத்தனை பக்கம் ஸார்?” என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே கதாநாயகியைக் கிணற்றில் தள்ளுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாமல் எழுதியவர்கள் எத்தனை பேர்! அச்சாபீஸ் பையன் போய்விட்டான். இப்போது கைப்பேசி கூப்பிடுகிறது. அந்த நெருக்கடியில் பிரமாதமான அத்தியாயங்கள் பிறந்ததுண்டு. அப்படிப் பிறக்காத அத்தியாயங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவற்றை எழுதியவர்களின் ரத்த அழுத்தத்தைப் பற்றியும் பேசுவதில்லை.

டிராலப்பின் முறைக்கு விலை இல்லாமலில்லை. அவருடைய நாற்பத்தேழில் ஒரு பத்துப் பன்னிரண்டுதான் மறுபடி படிக்கத் தக்கவை என்பது என் அபிப்பிராயம். வாக்கியங்கள் வேலைக்காரனைப் போல வந்து நின்று சொன்னதைச் செய்துவிட்டுப் போகின்றன, ஆச்சரியப்படுத்துவதில்லை. ‘நியூ கிரப் ஸ்ட்ரீட்’டில் ரியர்டன் தூங்காமல் படுத்திருக்கும் அந்த இரவைப் போல ஒன்றை டிராலப் எழுதியதில்லை, எழுதியிருக்கவும் முடியாது. அவர் நன்றாகத் தூங்கினார். இதனால் கருகிப்போனால்தான் இலக்கியம் பிறக்கும் என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் ஞாபகப்படுத்துவது ஒன்றே: ரியர்டனின் நாவல் மோசமான நாவல். அந்த இரவை எழுதியவர் கிஸ்ஸிங். எழுத வந்த இரண்டு மாதத்தில் எழுதினாரே தவிர, எழுத வராத மாதங்களில் அல்ல.

கிஸ்ஸிங் கடைசிவரை டிராலப்பை மன்னிக்கவில்லை. 1903-ல் வெளியான ‘ஹென்றி ரைகிராப்ட்டின் அந்தரங்கக் குறிப்புகள்’ என்ற புத்தகத்தில் ரைகிராப்ட் என்ற கற்பனை எழுத்தாளரின் வாயிலாக அந்தச் சுயசரிதையை எடுத்துவைத்துக்கொண்டு முகம் சுளிக்கிறார். அந்த ரைகிராப்ட் யார் தெரியுமா? வாழ்நாள் முழுவதும் கூலிக்கு எழுதித் தேய்ந்தவர். ஐம்பது வயதில், இறந்துபோன நண்பர் ஒருவர் உயிலில் எழுதிவைத்த வருஷம் முந்நூறு பவுன் ஜீவனாம்சம் அவருக்குக் கிடைத்துவிடுகிறது. உடனே லண்டனை விட்டு டெவன்ஷயரில் எக்ஸெட்டருக்கு அருகே ஒரு சிறு வீட்டுக்குப் போய், பூச்செடிகளின் பெயர் கற்றுக்கொண்டும் பழைய புத்தகங்களைப் படித்துக்கொண்டும் காலம் கழிக்கிறார். பத்திரிகையில் வந்தபோது இந்தக் குறிப்புகளுக்கு, வேலையிலிருந்து கழித்துப் புல்வெளியில் விட்ட குதிரையை நினைவூட்டும் ஒரு தலைப்புத்தான் இருந்தது. நோயை அவ்வளவு துல்லியமாகக் கண்டவர் மருந்து என்று எழுதிக் கொடுத்தது ஒரு உயில்! நண்பர்கள் செத்து நமக்குச் சொத்து வைத்தாலொழிய நமக்கு மீட்சி இல்லை என்றால், ஏழை எழுத்தாளனுக்கு அதைவிட லாட்டரிச் சீட்டுத் தேவலை.

ஆயினும் அந்தப் புத்தகத்தின் ஒரு விவரம் என் மனசை விட்டுப் போவதில்லை. ரைகிராப்ட் இனிப் பிரசுரத்துக்காக ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டவர். ஐந்து வருஷத்துக்குச் சற்று அதிகமாக அந்த வீட்டில் வாழ்ந்து, திடீரென்று காலமாகிறார். அவருடைய காகிதங்களைப் பார்வையிட்ட நண்பர் முன்னுரையில் சொல்கிறார்: உள்ளே மூன்று கையெழுத்துப் புத்தகங்கள் இருந்தன. யாரும் கேட்காமல், கெடு வைக்காமல், விலை பேசாமல், தோன்றிய நாட்களில் மட்டும் எழுதி வைத்தவை. புத்தகம் வெளியான அதே 1903-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் பிரான்ஸ் தேசத்தில் கிஸ்ஸிங் இறந்தார். அவருக்கு வயது நாற்பத்தாறு. ஜீவனாம்சம் எதுவும் வரவில்லை. கடைசி நோயில் விழும்வரை ஒரு சரித்திர நாவலை எழுதிக்கொண்டிருந்தார்.